மாரியம்மன் ஆணியில் ஒரு அமெரிக்க வக்கீல்

1

துபாய் கராமாவில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரே ஓர் ஆணிதான் உண்டு. கட்டடம் அரபியுடையது. இன்னோர் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டால் பாகிஸ்தானிலிருந்து வந்த காவல்காரப் பட்டாணி மாடிப்படி ஏறி வந்துவிடுவார். போன வருஷம் முழுக்க அந்த ஆணியில் மாரியம்மன் இருந்தாள். இந்த வருஷம் ஓர் அமெரிக்கக்காரர் தொங்குகிறார். பல் அத்தனையும் காட்டிக்கொண்டு, டை கட்டிக்கொண்டு தொங்குகிறார். அவருக்கு எதிரே ஆரத்தித் தட்டோடு ஒரு கிழவி நிற்கிறாள். அந்தக் கிழவி நான்தான்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், பாக்கியம் துபாய்க்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டாள் என்று பொறாமைப்பட வேண்டாம். படத்தில் இருக்கிறவர் தன் ஊர் ஓட்டுக்காரர்களுக்காக அச்சடித்த காலண்டர் அது. நான் சமைக்கிற பங்களாவுக்கு ஒரு கட்டு அனுப்பியிருந்தார். மேடம் எனக்கு ஒன்று கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சண்டை. என் பேத்தி மாலா, "அம்மாயி, அதக் குப்பையில போடுங்க, ப்ளீஸ்" என்றாள். என் மருமகன் சிவலிங்கம் ஜெபல் அலியில் ஸ்டோர் கீப்பர். பெரிய மனிதர் படம் என்றால் அவருக்குக் கண் விரியும். "அத்தே, ஹால்ல மாட்டுங்க. வர்றவங்க பாக்கட்டும்" என்றார்.

"ஹாலும் வேணாம், குப்பையும் வேணாம். வெங்காயம் அரியிறப்ப நேருக்கு நேரா பாத்துக்கிட்டு அரியணும் மருமகனே. எவனுக்காக அழுறேன்னு எனக்கே கொழப்பமா இருக்கட்டும்" என்றேன்.

நான் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மாலாவுக்கு இங்கிலீஷ் வரும், இந்தி வரும், கடைக்காரனோடு அரபியில் பேரம்கூடப் பேசுவாள். தமிழ் மட்டும் எழுத வராது. அதனால் என் கோணல் கையெழுத்தில் நானேதான் எழுதுகிறேன். பிழைகளைப் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளலாம். வசவுகளைத் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2

அவர் பெயரை டெல்மர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

வக்கீல் என்றால் நமக்குத் தெரிந்தது ஹட்டன் கோர்ட்டு வாசலில் கறுப்புக் கோட்டோடு வெயிலில் நிற்கிற புரக்டர். வழக்குக்கு ஆள் பிடிப்பார், ஜட்ஜைப் பார்த்து வளைவார், ஜெயித்தால் நம்மோடு டீக்கடைக்கு வருவார், தோற்றால் பின்பக்கமாகப் போவார். டெல்மர் வேறு ஜாதி வக்கீல். கோர்ட்டுப் பக்கமே போக மாட்டார். ஜெபல் அலியில் துறைமுக வேலை எடுத்த, என் மருமகனும் வேலை பார்க்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். கப்பல் வந்து சுவரில் மோதினால் தப்பு கப்பல்மேலும் இல்லை, சுவர்மேலும் இல்லை, கடல்மேல்தான் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து எழுதிய அந்தக் காகிதத்துக்குப் பயந்து யாரும் வழக்குப் போட மாட்டார்கள். அந்த மாதிரி மனிதர்.

ஜுமேராவில் அவருக்குக் கொடுத்த பங்களாவில் நான் சமையல்காரி. விசா கம்பெனி பெயரில். என் கபீலும், அதாவது எனக்குப் பொறுப்பாளியும், அந்தக் கம்பெனிதான். அவர்கள் 'போ' என்றால் நான் மறுநாள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி நிற்க வேண்டியதுதான். பாக்கியம் என்று அவருக்கு வாயில் வரவில்லை. பக்கி என்று கூப்பிட்டார். நம்மூரில் யாரை அப்படிச் சொல்வோம் என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எத்தனையோ வருஷம் அந்தப் பெயருக்கு 'எஸ் சார்' போட்டேன்.

விருந்து நாட்களில் அவர் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்வார். சோற்றுத் தட்டோடு போய்வந்தபடியே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் இங்கிலீஷ் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்ட பிறகு ஒரு விஷயம் விளங்கியது. எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வந்தால் அவர் அப்பா கிணறு தோண்டியவர். கோயில்காரர்கள் வந்தால் அப்பா முழங்கால் தேயத் தேய ஜெபம் பண்ணினவர். விவசாய மெஷின் விற்கிறவர் வந்த அன்றைக்கு அப்பா சோளக்காட்டில் ஏர் ஓட்டினார். கம்பெனி டிரைவரைக்கூட விட்டுவைக்கவில்லை. "மை டாடி வாஸ் எ டிரைவர்" என்று அவன் தோளில் தட்டினார். அவன் கண் கலங்கிவிட்டான், பாவம்.

ஒருநாள் அவர் பெண்சாதியிடமே கேட்டுவிட்டேன், "மேடம், சாரோட டாடி என்ன வேலை?" என்று.

அந்த அம்மாள் நகத்துக்குச் சாயம் போட்டபடியே, "இன்ஷ்யூரன்ஸ்" என்றார்.

3

எலெக்‌ஷனில் நிற்கப் போகிறேன் என்று அவர் சொன்ன நாளிலிருந்து எனக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது. கேட்கிற வேலை. அமெரிக்காவில் காங்கிரஸ் என்பது கட்சி இல்லை, நம் பார்லிமென்ட் மாதிரி ஒரு சபை. அதற்குப் போக ஆசை வந்த மனிதர், காலையில் சமையலறைக்கு வந்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்று எனக்கு முன்னால் பேசிப் பார்ப்பார். பெண்சாதி கேட்க மாட்டார், பிள்ளைகள் ஓடிவிடும். நான் எங்கே ஓட? அடுப்பில் பருப்பு வேகிறது.

"நெஞ்சுல கை வைக்கவா பக்கி, இல்ல விரல நீட்டவா?"

"நெஞ்சு குட், சார்."

"ஏன்?"

"விரலு போலீஸ், சார்."

சிரிப்பார். மறுநாள் நெஞ்சில் கை வைத்துப் பேசுவார். ஏழைகள் என்கிற இடம் வந்ததும் குரல் தழுதழுக்கும். அதே மூச்சில் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். நான் தலையை ஆட்டிக்கொண்டே வெங்காயம் அரிவேன். என் கண்ணில் தண்ணீர் வந்தால், "அழுறியா?" என்று சந்தோஷமாகக் கேட்பார். ஆமாம் என்பேன். வெங்காயத்துக்குச் சேர வேண்டிய பெருமை.

மேடைப் பேச்சு எனக்குப் புதிது இல்லை. எங்கள் தோட்டத்துக்கு வராத தொழிற்சங்கத் தலைவர் இல்லை. அவர்கள் வருகிற அன்றைக்குப் பொம்பளைகள் நாங்கள் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, வெற்றிலையில் சூடம் ஏற்றி, எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்குப் போகிற பாதையை மறித்து நிற்போம். ஆரத்தி சுற்றி முடிந்ததும் தட்டில் ஏதாவது விழ வேண்டும். விழுகிற வரைக்கும் வழி விட மாட்டோம். மந்திரியே ஆனாலும் நிற்க வேண்டியதுதான். பெரும்பாலும் நோட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒருமுறை எங்கள் லயத்துப் பொம்பளைகள் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பீலிக்குத் தண்ணி வரட்டும், அப்பறம் போங்க" என்றார்கள். அந்தத் தலைவர் அங்கேயே தோட்டத்துத் துரைக்கு ஆள் அனுப்பினார். அந்த வாரமே பீலிக் குழாயில் தண்ணீர் வந்தது. சூடம் எரிகிறபோது பெரிய மனிதர்கள் கொஞ்சம் இளகித்தான் போகிறார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, அதனால்.

இதையெல்லாம் டெல்மருக்கு நான் சொன்னதில்லை. அவர் பேசுவார், நான் கேட்பேன். எங்களுக்குள் அப்படி ஓர் ஒப்பந்தம்.

4

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து லீவு முடிந்து வந்த ஒரு பதுளைப் பெண் என்னைத் தேடி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, ஒங்க செல்வராச ஆமிக்காரங்க புடிச்சிட்டுப் போயிட்டாங்க. லயத்துல வேற நாலஞ்சு பொடியன்களும். தெக்க கடல் பக்கமா ஒரு மொகாம்ல வச்சிருக்காங்களாம்."

"என்னா செஞ்சான்?"

"ஒண்ணுஞ் செய்யல. ரேடியோ கேட்டுக்கிட்டிருந்தானாம்."

செல்வராசு என் கடைசி மகன். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு பிடித்தவன். வழக்கும் இல்லை, கோர்ட்டும் இல்லை. ஹட்டன் புரக்டர் முகாம் வாசல் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினார். நாட்டில் சண்டை நடந்த அந்த நாளில் தமிழ்ப் பிள்ளைகளை ராணுவம் அப்படித்தான் உள்ளே போட்டது. போன பிள்ளை எப்போது வரும் என்று சொல்ல ஆள் கிடையாது.

மறுநாள் டெல்மர் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்று நெஞ்சில் கையை வைத்தார். நான் அடுப்பை அணைத்தேன். முதல் முறையாக அன்றைக்கு நான் பேசினேன், அவர் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "மை சன், கேம்ப், நோ கேஸ், நோ கோர்ட், சார்." பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். செல்வராசு, சார். செல்வராசு.

"காட் இட், பக்கி" என்றார். என் தோளில் கை வைத்தார். இப்போது எழுதினால் வெறும் வக்கீல் கடிதம், குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். காங்கிரஸுக்குப் போனதும் முதல் காரியமாக உன் மகனுக்காகப் பேசுவேன், அதற்கு வேறு மரியாதை என்றார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அன்றைக்கு நான் வெங்காயம் அரியவில்லை.

கொஞ்ச நாளில் அவர்கள் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

5

எனக்கு ஓட்டு இருந்ததில்லை. எங்களை எந்த நாட்டில் சேர்ப்பது என்று இலங்கையும் இந்தியாவும் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது. பிரஜாவுரிமை கிடைத்து, பாஸ்போர்ட் கைக்கு வந்த சூட்டோடு விமானம் ஏறினேன். ஓட்டுப் போட அங்கே நான் இல்லை. அப்படிப்பட்டவள் ஓர் அமெரிக்க எலெக்‌ஷனுக்காகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் விரதம் இருந்தேன். அவர் ஜெயிக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.

ஜெயித்தார். கம்பெனிக்கு டெலெக்ஸ் வந்ததாக மருமகன் ஓடிவந்து சொன்னார். மொட்டை மாடிக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். சத்தம் கேட்டு, என்ன ஆச்சு என்று பட்டாணி வந்தார்.

"க்யா ஹுவா, அம்மா?"

"அமெரிக்கா எலெக்‌ஷன், பாய். நம்ம ஆளு ஜெயிச்சிட்டாரு."

அவர் என்னையும் சிதறிய தேங்காயையும் மாறி மாறிப் பார்த்தார். "அச்சா" என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அந்தத் தேங்காயில் யாருக்காவது பிரயோஜனம் உண்டென்றால் அவருக்குத்தான்.

அதற்குப் பிறகு பேச்சுமூச்சு இல்லை. மாலாவை விட்டு அவருக்குக் கடிதம் எழுதவைத்தேன். அவள் ஆசையாக எழுதினாள். பங்களாவுக்கு வந்திருந்த அவளிடம் டெல்மர் ஒருமுறை, "நீ வக்கீலாகலாம்" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பிள்ளைக்கு அவர் கடவுள். பதிலுக்கு அவர் கையெழுத்துப் போட்ட படம் வந்தது. அடுத்த முறையும் அதே படம். மாலா அதைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். "பிசியா இருப்பாரு, அம்மாயி" என்றாள். முகாமில் செல்வராசு மட்டும் பிசி இல்லாமல் இருந்தான்.

பங்களாவுக்கு வேறு வக்கீல் வந்தார், கூடவே ஒரு சின்ன வயசு மேடம். நல்ல பெண். டெல்மரின் மாகாணத்துக்காரிதான். அடுத்த எலெக்‌ஷன் முடிந்திருந்த சமயம் ஒருநாள் காலையில் சமையலறைக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"பக்கி! ஐ ஆம் ஸோ ஹேப்பி! உன் மகன் வெளியே வந்துட்டானாமே! ஏன் என்கிட்ட சொல்லல?"

கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "யாரு சொன்னா, மேடம்?"

அவருடைய அம்மா போனில் சொன்னாராம். டெல்மர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறாராம். டி.வி.யிலும் சொன்னாராம். வளைகுடாவில் தனக்குச் சமைத்துப் போட்ட ஏழைப் பெண்ணின் மகன் சிறையில் கிடந்தானாம், இவர் ஒரு வார்த்தை பேசினாராம், கதவு திறந்ததாம். கேட்டவர்கள் அழுதார்களாம். மறுபடியும் ஜெயித்துவிட்டாராம்.

மேடம் போன பிறகு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னை வைத்து ஒரு கதை சொன்னார் என்பதற்காக இல்லை, அவர் அப்பாவுக்கே அத்தனை கதை சொன்னவர். ஏன் இத்தனை நாளாகப் பேசவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. விட்டாச்சு என்று மேடையில் சொன்ன ஆளை, விடுங்கள் என்று இனி எப்படிக் கேட்பார்? கேட்டால் அவர் பொய் வெளியே வரும். அவர் வாயால் என் பிள்ளை வெளியே வந்துவிட்டான், அதே வாயால் உள்ளேயே அடைபட்டும் விட்டான். முகாமுக்கு ஒரு பூட்டு ஏற்கெனவே இருந்தது. இவர் இன்னொன்று போட்டார்.

6

அந்த டெல்மர் வளைகுடா நாடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. கூடவே அவர் ஊர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் பழைய பங்களாவில் கம்பெனி விருந்து. "உன் கூட ஒரு போட்டோ எடுக்கணுமாம், பக்கி" என்றார் மேடம்.

"எங்க வழக்கப்படி வாசல்ல வெல்கம் பண்ணலாமா, மேடம்? தட்டு, லைட், எல்லாம் வச்சு?"

மேடம் கைதட்டினார். போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நான் மஞ்சளையும் சுண்ணாம்பையும் பையில் வைக்கிறதை மருமகன் பார்த்துவிட்டார். அவர் தோட்டத்துப் பிள்ளைதானே, புரிந்துகொண்டார்.

"அத்தே, வேணாம். ஒங்க விசா அவங்க கையில. ஒரு வார்த்த சொன்னா கலாஸ், முடிஞ்சிரும்."

"எம் மகன் உள்ள கெடக்கான். நான் மட்டும் வெளிய இருந்து என்னா கிழிச்சேன் மருமகனே? நகருங்க, பஸ்ஸுக்கு நேரமாகுது."

மாலாவும் என்னோடு வந்தாள். பாட்டியின் பேச்சை இங்கிலீஷில் சொல்ல ஆள் வேண்டுமே. அவருடைய கையெழுத்துப் படத்தையும் எடுத்துக்கொண்டாள், நேரில் இன்னொரு கையெழுத்து வாங்கலாம் என்று.

கார் வந்து நின்றது. டெல்மர் கொஞ்சம் பெருத்திருந்தார். "பக்கி!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு படியேறி வந்தார். பின்னால் கம்பெனி மேனேஜர், மேடம், அவர் புருஷன், கழுத்தில் கேமரா தொங்குகிற பத்திரிகைக்காரர். வாசற்படியில் நான் தட்டோடு நின்றேன். சூடத்தைப் பற்றவைத்துச் சுற்றினேன். காலண்டரில் நீங்கள் பார்ப்பது அந்த நிமிஷம்தான். அதற்கு அடுத்த நிமிஷத்தைப் பத்திரிகைக்காரர் அச்சடிக்கவில்லை.

டெல்மர் உள்ளே போகப் பார்த்தார். நான் நகரவில்லை. மாலா வழக்கத்தைச் சொன்னாள். "ஓ, ஷுர்!" என்று பர்ஸை எடுத்து ஒரு நோட்டை நீட்டினார். நான் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"நோ மணி, சார்."

எல்லாரும் சிரித்தார்கள். பத்திரிகைக்காரர் மாலாவிடம், உன் பாட்டி என்ன கேட்கிறார் என்றார்.

"சொல்லுடி" என்றேன். "எம் மகன வெளிய எடுத்ததுக்கு ரொம்ப நன்றி. ஆனா அந்தச் சேதி இன்னும் மொகாம்காரனுக்குப் போய்ச் சேரல. தயவுபண்ணி ஒரு போன் போட்டு அவன்கிட்டயும் சொல்லிருங்க. அது வரைக்கும் வாசல் தெறக்காது."

மாலா என் பக்கம் குனிந்தாள். "அம்மாயி, அப்பாவுக்குப் பிரச்சினை வரும்" என்று என் காதில் சொன்னாள். அப்புறம் அவர்களைப் பார்த்துச் சிரித்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். நான் சொன்னது ஒரு முழம், அவள் சொன்னது ஒரு விரற்கடை. அதில் தேங்க்யூ இருந்தது, ஹேப்பி இருந்தது.

"போன் எங்கடி? நான் சொன்னதுல போன் இருந்துச்சே?"

போன் என்பது பத்திரிகைக்காரருக்கும் விளங்கிவிட்டது. "என்ன போன்?" என்று கேட்டார்.

மாலா பதில் சொல்வதற்குள் டெல்மர் முந்திக்கொண்டார். மாலாவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். பாட்டியிடம் சொல்லும்மா, பையன் நன்றாக இருக்கிறான், நாங்கள் பார்த்துக்கொண்டோம் என்றார்.

மாலா என் பக்கம் திரும்பினாள். "மாமா நல்லா இருக்காராம். அவங்க பாத்துக்கிட்டாங்களாம்" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செவ்வாய்க்கிழமைகளில் நான் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடக்கிறதை அவள்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாகவே அவர்களிடம் திரும்பினாள். இந்த முறை நீளமாகப் பேசினாள். நிறுத்தாமல், டீச்சருக்கு முன்னால் பாடம் ஒப்பிக்கிறமாதிரி. எனக்குப் பிடிபட்டது கேம்ப், அங்கிள், ஸ்டில் என்கிற வார்த்தைகள்தான். மற்றவர்களுக்கு எல்லாமே பிடிபட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். சூடம் எரிந்துகொண்டிருந்தது.

இங்கேதான் அந்த மனிதரை நான் மெச்ச வேண்டும். வேறு ஆளாக இருந்தால் திணறியிருப்பார். இவர் ஒரு மூச்சு விடுகிற நேரம் தரையைப் பார்த்தார். அண்ணாந்தபோது கண்ணில் தண்ணீர் தயாராக இருந்தது. நெஞ்சில் கையை வைத்தார். நான் சொல்லிக்கொடுத்த கை. "அதற்காகத்தான் நான் இங்கே வந்திருக்கிறேன்" என்றார். வந்த காரியமே அதுதான் என்கிறமாதிரி போன் எங்கே என்று கேட்டார். நான் வழி விட்டேன், தட்டைக் கீழே வைக்காமல் பின்னாலேயே போனேன்.

கொழும்பில் அவர்கள் நாட்டுத் தூதரகத்துக்கு லைன் கிடைத்தது. வெள்ளிக்கிழமை இங்கேதான் லீவு, அங்கே ஆபீஸ் நாள். தன் பெயரையும் பதவியையும் நீட்டி முழக்கினார். ஓர் இளைஞனைப் பற்றி அவசரமாக விசாரிக்க வேண்டும் என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"பக்கி, அவன் பேர் என்ன?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்த ஹாலில் எல்லாருக்கும் கேட்டது. எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரரின் பேனா அப்படியே நின்றது.

"நீங்க வெளிய எடுத்தீங்கள்ல, அந்தப் பையன் பேருதான் சார்" என்றேன், தமிழில். மாலா மொழிபெயர்த்தாள். ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

டெல்மர் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் யாரோ ஒரு வெள்ளைக்காரர் 'ஹலோ, ஹலோ' என்றார். நான் மலைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் கூப்பிடுகிற குரலில் கத்தினேன். "தொரச்சாமி மகன் செல்வராசு! கூப்புடுற பேரு சின்னக்குட்டி!" அப்புறம் வேறு ஒரு குரல் வந்தது. நம்மாள்.

"அம்மா, கத்தாதீங்க, நான் இங்க கிளார்க்கு. மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

தோட்டம், டிவிஷன், லய நம்பர், பிடித்த மாசம், முகாம் இருக்கிற இடம், எல்லாம் சொன்னேன். அவர் திருப்பிப் படித்துக் காட்டினார். என் பிள்ளையின் பெயரை அத்தனை மரியாதையாக ஒருவர் படித்து அன்றைக்குத்தான் கேட்டேன். ரிசீவரைத் திருப்பிக் கொடுக்கும்போது தட்டு சாய்ந்துவிட்டது. மஞ்சள் தண்ணீர் தளும்பி டெல்மரின் ஷூவில் கொட்டியது.

மத்தியானம் அவர் நன்றாகவே சாப்பிட்டார். கோழிப் பொரியலை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார். நான் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் கதையை மேனேஜருக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கதையில் பெயர் கேட்ட இடம் இல்லை. மாலா சமையலறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றாள்.

"கையெழுத்து வாங்கலயாடி?"

"மாமா பேர்கூடத் தெரியல, அம்மாயி" என்றாள். படத்தை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அவள் கையில் இல்லை.

என் விசாவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவில் பத்திரிகையில் என் படம் வந்துவிட்டது. காங்கிரஸ்காரரோடு சிரித்துக்கொண்டு நிற்கிற கிழவியை எந்தக் கம்பெனி விமானம் ஏற்றும்? மேனேஜர் இப்போது என்னைக் கண்டால் குட்மார்னிங் சொல்கிறார்.

7

சில மாசங்களில் செல்வராசை விட்டார்கள். புரக்டர் தன் முயற்சி என்றார். தோட்டத்துப் பூசாரி தன் பூஜை என்றார். டெல்மர் என்ன சொன்னார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை, காலண்டரில் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் இருக்கிறது.

இப்போது அவன் அபுதாபியில், முசஃபாவில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். லீவு கிடைக்கிற வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வருவான். அதிகம் பேச மாட்டான். கதவைச் சாத்தினால் எழுந்து போய்த் திறந்து வைப்பான். ஏ.சி. வீணாகுதே என்று மருமகன் முணுமுணுப்பார், நான் முறைத்தால் பேசாமல் இருப்பார்.

போன வெள்ளிக்கிழமை சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு காலண்டரை ரொம்ப நேரம் பார்த்தான். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, உள்ள எங்களுக்கெல்லாம் நம்பருதான். ஒருநா காலையில புது ஆபீசர் ஒருத்தர் பேப்பரோட வந்தாரு. தொரச்சாமி மகன் செல்வராசு, அலையஸ் சின்னக்குட்டி யாருன்னு கேட்டாரு. மத்த பொடியன்க எல்லாஞ் சிரிச்சிட்டாங்க. எனக்கு மட்டும் அழுக வந்திருச்சு. சின்னக்குட்டின்னு ஒன்னயத் தவிர யாரு கூப்புடுவா?"

நான் நிமிரவில்லை. அப்படியென்றால் அந்தப் போன்தான். பூசாரியும் இல்லை, புரக்டரும் இல்லை. அந்த மனிதர் முன்னால் சொன்ன பொய்யை நானே வாசலில் நின்று உண்மையாக்கிக் கொடுத்திருக்கிறேன். இனி எத்தனை எலெக்‌ஷனில் நின்றாலும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம், ஒருத்தரும் குறுக்கே கேட்க முடியாது. என்னாலும்கூட முடியாது. கத்தியை அழுத்தினேன். வெங்காயம் நல்ல காரம்.

"இந்த ஆளாலதானம்மா நான் வெளிய வந்தேன்?"

"அப்புடித்தான் போட்டிருக்காரு."

"அப்ப நல்லவருதானே?"

காலண்டரைப் பார்த்தேன். பல் அத்தனையும் காட்டிக்கொண்டு தொங்கினார்.

"நல்லவருதாண்டா சாமி" என்றேன். "வாசல மறிச்சா நல்லவரு."